கருப்பை வாய்ப் புற்றுநோய் குடலில்தான் தொடங்குகிறதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கதிர்வீச்சும் வாரம் ஒருமுறை கீமோ ஊசியும் தொடங்குகின்றன. இந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் ஒரு காணொளி அனுப்பினார். குடல் பாக்டீரியா கெட்டுப்போவதால்தான் இந்த நோய் வருகிறதாம். அம்மாவுக்குப் பல வருடங்களாக வயிற்றுப் பொருமலும் மலச்சிக்கலும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி எத்தனையோ மாத்திரைகள் விழுங்கியிருக்கிறார். அதனால்தான் வந்ததா? மலத்தைக் கூரியரில் அனுப்பிப் பரிசோதிக்க 9,000 ரூபாய், ப்ரோபயாட்டிக் என்ற நல்ல பாக்டீரியாப் பொடிக்கு மாதம் 4,800 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? "சுத்தமில்லாததால் வந்த நோய்" என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். அம்மா யாரையும் பார்க்க மறுக்கிறார். எனக்கு 33 வயது, என் மகளுக்கு 11. எங்களுக்கும் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அம்மாவின் வயிற்றுப் பொருமலோ மலச்சிக்கலோ அவர் விழுங்கிய மாத்திரைகளோ இந்த நோயைக் கொண்டுவரவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ். ஜெர்மனியின் ஹெரால்டு ஸூர் ஹவுசன் 1980-களில் இதைக் கண்டறிந்தார். அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமாகின்றன.

பக்கத்து வீட்டுப் பேச்சை அடுத்து எடுத்துக்கொள்கிறேன். அம்மா உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் படுத்திருப்பதற்கு நோயைவிட அந்தப் பேச்சுதான் பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எச்.பி.வி. உடலுறவின் மூலம் பரவும் வைரஸ். இதைக் கேட்டவுடன் மனம் எங்கெங்கோ ஓடும், ஓட வேண்டியதில்லை. திருமண வாழ்க்கைக்குள் நுழைந்த ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போயிருக்கும். பத்தில் ஒன்பது பெண்களின் உடல் அதை இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் அம்மாவுக்கு இந்தத் தொற்று வந்தது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலமாகவோ அதற்கு முன்பாகவோ இருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அதைத் தேடுவதால் வீட்டில் சண்டை வருமே தவிர வேறு பயன் இல்லை. தினமும் இரண்டு வேளை குளிப்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், போதும்.

சரி, அந்தக் காணொளி முழுப் பொய்யா? அதுவும் இல்லை. உண்மையான ஆராய்ச்சியிலிருந்து ஒரு நூலை உருவி, அதை வைத்து ஒரு சேலையே நெய்துவிட்டார்கள். பாக்டீரியா புற்றுநோயைத் தரும் என்பது நடவாத காரியம் அல்ல. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா வயிற்றுப்புண்ணையும் இரைப்பைப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கருப்பை வாயில் அந்த இடத்தை வைரஸ் பிடித்துக்கொண்டுவிட்டது. குடல் பாக்டீரியாவைப் பற்றி இன்று நடக்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் வேறு கேள்விகளைப் பற்றியது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஒரு குழு இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது. 2019-இல் அவர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களின் குடல் பாக்டீரியாவையும் நலமாக உள்ள பெண்களின் குடல் பாக்டீரியாவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ப்ரீவோடெல்லா உள்ளிட்ட சில வகைகள் நோயாளிகளிடம் அதிகம் இருந்தன. காணொளிக்காரருக்கு இது போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நோய் வந்த பெண் பசியில்லாமல் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுகிறார். இரத்தப்போக்குக்கும் வெள்ளைப்படுதலுக்கும் எத்தனையோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருப்பார். அவருடைய குடல் மாறித்தான் இருக்கும். மாற்றம் முன்னால் வந்ததா, நோய்க்குப் பின்னால் வந்ததா என்பதை ஒரே ஒரு நாள் எடுத்த மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஹூஸ்டனில் நோயாளிகளிடம் அதிகமாகத் தெரிந்த அதே ப்ரீவோடெல்லாதான் தானியமும் பருப்பும் காய்கறியுமாகச் சாப்பிடும் நம் நாட்டு மக்களின் குடலில் இயல்பாகவே நிறைந்திருக்கிறது. உங்கள் அம்மாவின் மலத்தை 9,000 ரூபாய் கொடுத்துப் பரிசோதித்தால் அதில் ப்ரீவோடெல்லா அதிகம் என்று சிவப்பு நிறத்தில் அச்சடித்து வரக்கூடும். தினமும் சோறும் சாம்பாரும் சாப்பிடுகிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இருக்காது. அந்த அறிக்கையைப் பார்த்து எந்தப் புற்றுநோய் மருத்துவரும் ஒரு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். பரிசோதனை வேண்டாம்.

அதே ஹூஸ்டன் குழு 2021-இல் வெளியிட்ட முடிவுதான் எனக்கு உண்மையிலேயே ஆர்வமூட்டியது. கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பெற்ற 55 பெண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே குடலில் பல்வகைப் பாக்டீரியாக்கள் இருந்த பெண்கள், சில வகைகள் மட்டுமே இருந்தவர்களைவிட நீண்ட காலம் உயிர் பிழைத்திருந்தார்கள். அத்தகைய பெண்களின் கட்டிக்குள் நோய் எதிர்ப்பு அணுக்களும் கூடுதலாக நுழைந்திருந்தன. குடலில் இருப்பவை உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகின்றன, அந்தச் சக்தி கதிர்வீச்சோடு சேர்ந்து கட்டியைத் தாக்குகிறது என்று புரிந்துகொள்ள இது இடம் தருகிறது. ஆனால் 55 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எல்லோரும் ஒரே நகரில் சிகிச்சை பெற்றவர்கள். பாக்டீரியாவை நாம் வெளியிலிருந்து கொடுத்தால் ஆயுள் கூடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அதைச் சோதிக்கவும் இல்லை.

பொடி விற்பவர்கள் தாண்டிக் குதிப்பது இந்த இடத்தைத்தான். டப்பாவில் லாக்டோபேசில்லஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு தனி உயிரின் பெயர் அல்ல, பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பாட்டஸ் என்று ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் இது நிறைந்திருக்கும் பெண்களிடம் எச்.பி.வி. எளிதில் தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதே குடும்பத்தில் லாக்டோபேசில்லஸ் இனர்ஸ் என்றும் ஒன்று இருக்கிறது. 2023-இல் அந்த ஹூஸ்டன் குழு கண்டறிந்தது இதுதான்: கருப்பை வாய்க் கட்டிக்குள் இனர்ஸ் குடியிருந்தால் அது வெளியிடும் லாக்டிக் அமிலம் புற்றணுக்களின் போக்கையே மாற்றி, கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் அவை அடங்காதபடி செய்துவிடுகிறது. ஒரே குடும்பம், ஒன்று காவல்காரன், மற்றொன்று உளவாளி. இவ்வளவு நுட்பமான விஷயத்தில் ஒரு கரண்டிப் பொடியை மோரில் கலக்கிக் குடித்தால் சரியாகிவிடும் என்பவரின் தைரியத்தைப் பாராட்டலாம். பணம் கொடுக்க வேண்டாம்.

ப்ரோபயாட்டிக் என்றாலே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தாய்லாந்தின் சியாங் மாயில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 63 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் கலந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கின் கடுமை குறைந்தது. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சில் வயிற்றுப்போக்கைத் தடுக்க இத்தகைய மாத்திரையைத் தரலாம் என்று சில சர்வதேச வழிகாட்டுதல்களும் கூறுகின்றன. வயிற்றுப்போக்குக்கு உதவலாம், அவ்வளவுதான். புற்றுநோய்க்கு மருந்து அல்ல. தர வேண்டுமா என்பதை அம்மாவின் கதிர்வீச்சு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கீமோவில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது உயிருள்ள பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் அரிதாக அதுவே இரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடும். "அதிகம் சாப்பிட்டால் அதிகம் நல்லது" என்ற கணக்கும் இங்கே பலிக்காது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வில், நார்ச்சத்து நன்றாகச் சாப்பிட்டு, ப்ரோபயாட்டிக் எதுவும் எடுக்காதவர்களுக்குத்தான் பலன் மிக நன்றாக இருந்தது. அது வேறு நோய், வேறு சிகிச்சை. ஆனாலும் டப்பாவைத் திறக்கும் முன் ஒருமுறை யோசிக்க வைக்கும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் குடலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது: நாள் கணக்கு.

இந்த நிலையில் வழக்கமான சிகிச்சை ஏறக்குறைய இப்படி இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், 25 முறை வெளிக்கதிர்வீச்சு. நம் ஊரில் "கரண்டு வைப்பது" என்பார்களே, அதுதான். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி. அதன் பிறகு கருப்பைக்குள்ளேயே கருவி வைத்துத் தரும் உள்கதிர்வீச்சு சில முறை. எல்லாம் சேர்ந்து எட்டு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் வரை குறைகிறது. ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஒரு வாரத்தை விட வைப்பது பெரும்பாலும் குடல்தான். முதல் இரண்டு வாரம் அம்மா தெம்பாகவே இருப்பார். "ஒன்றுமே செய்யவில்லையே" என்பார். மூன்றாவது வாரத்தில் காலையில் எழுந்ததும் இரண்டு முறை, மருத்துவமனைக்குக் கிளம்பும்போது ஒரு முறை, பஸ்ஸில் ஏறியபின் அடிவயிற்றில் ஒரு முறுக்கல் என்று வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். கதிர் படுவதால் சிறுகுடலின் உட்சுவர் உதிர்கிறது. பித்தநீரைத் திரும்ப உறிஞ்ச முடியாமல் அது பெருங்குடலுக்கு வழிகிறது. பாலைச் செரிக்கும் நொதியும் தற்காலிகமாகக் குறைகிறது. பாக்டீரியாக்களின் வகையும் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே போகிறது. சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரங்களில்தான் வகைகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புகின்றன. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, "இன்று ஒரு நாள் போகவில்லை" என்று அம்மா படுத்துவிடுவார். நீர்ச்சத்து குறைந்தால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் ஏறினால் அந்த வார ஊசி நின்றுபோகும்.

அதனால் வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே சொல்லிவிடச் சொல்லுங்கள். மாத்திரை இருக்கிறது, கூச்சப்பட ஒன்றும் இல்லை, இதைக் கேட்பது மருத்துவர்களான எங்களுக்கு அன்றாட வேலை. எத்தனை முறை போனார் என்று நாட்காட்டியில் கோடு போட்டு வையுங்கள். எனக்கு அந்தக் கோடுகள் அந்த 9,000 ரூபாய் அறிக்கையைவிட ஆயிரம் மடங்கு உபயோகம். இரத்தம் கலந்து போனாலும், காய்ச்சல் வந்தாலும், நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கதிர்வீச்சு அறைக்கு வெளியே காலையில் பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளி, கதிர் பாயும் இடத்திலிருந்து அதை விலக்கிவைக்கிறது. குடலுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது. "முட்டுகிறது" என்று அம்மா பாதியிலேயே எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கதிர்வீச்சு என்றதும் கீரை, காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுக்கும் வழக்கம் மருத்துவமனைகளிலேயே நெடுநாள் இருந்தது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு பெற்ற 166 பேரை மூன்றாகப் பிரித்துச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். நார்ச்சத்தைக் குறைத்தவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குச் சிகிச்சை முடிவிலும், ஓராண்டு கழித்தும் குடல் தொல்லை குறைவாக இருந்தது. நல்ல பாக்டீரியாவுக்கு உணவு நார்ச்சத்துதான் என்பதால் இது ஆச்சரியமும் இல்லை.

எனவே இப்போதிலிருந்தே, வயிற்றுப்போக்கு வரும் முன்பே, இரண்டு வேளையாவது காயும் பருப்பும் இருக்கட்டும். குழைய வேகவைத்த பூசணி, சுரைக்காய், கேரட், பாசிப்பருப்பு, வாழைப்பழம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். முட்டை, மீன் சாப்பிடுபவர் என்றால் அதை நிறுத்தாதீர்கள். எடை இறங்கக் கூடாது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கு மட்டும் பச்சைக் காய்கறி, காரம், எண்ணெய்ப் பலகாரம், பால் காபி ஆகியவற்றை ஒதுக்கி, இட்லி, மோர்ச் சோறு, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிர் நல்லது. பழைய சோறு கேட்பார். பிடித்த உணவு என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும் வரை அன்றன்று சமைத்ததையே கொடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும்.

மருந்துக்கடை மாத்திரைகள் நோயைத் தரவில்லை என்றேன். அதற்காக இனியும் தொடரலாம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கும் குடலில் இருப்பவற்றை வகைதொகையில்லாமல் அழிக்கிறது. அழிந்தபின் ப்ரோபயாட்டிக் போட்டு நிரப்பிவிடலாம் என்றால், இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிலையம் 2018-இல் அதையும் சோதித்துப் பார்த்தது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தப் பாக்டீரியா திரும்ப அதிக நாள் ஆனது. எதுவும் எடுக்காமல் விட்டவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. இந்த எட்டு வாரமும் மருத்துவர் எழுதாத எந்த மாத்திரையும் வீட்டுக்குள் வர வேண்டாம். நாட்டு மருந்து, கஷாயம் கொடுக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டோம், சிஸ்பிளாட்டினோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று பார்க்கத்தான் கேட்கிறோம். அந்த 4,800 ரூபாயை மருத்துவமனைக்குப் போய்வரும் ஆட்டோவுக்கும் முட்டை, பழத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

உங்களைப் பற்றி. இது பரம்பரையாக வரும் நோய் அல்ல. அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்துதீரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் உங்களுக்கு 30 வயது கடந்துவிட்டது. அம்மாவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய வயது இது. உங்கள் மாவட்டத்துப் பெண்கள் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெண்திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். திட்டு தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையும் தரப்பட்டது. பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதே பரிசோதனை இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். எச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ள வசதி இருந்தால் இன்னும் நல்லது. உறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்குக்கு இடையே இரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் நேரே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். வெள்ளைப்படுதலுக்கு என்று விற்கும் கழுவு திரவங்களை உள்ளே செலுத்த வேண்டாம். கிறிஸ்பாட்டஸ் போன்ற காவல்காரர்களை அவை கழுவிக்கொண்டு போய்விடும்.

உங்கள் மகளுக்கு 11 வயது. எச்.பி.வி. தடுப்பூசிக்கு இதுதான் சரியான வயது, 9 முதல் 14 வரை. வைரஸை எதிர்கொள்ளும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் என்ற தடுப்பூசி நம் நாட்டிலேயே கிடைக்கிறது. இந்த வயதில் இரண்டு தவணை போடுவது வழக்கம்; ஒரே தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. அரசு வழியாக இலவசமாகப் போடப்படுகிறதா என்று நீங்கள் பரிசோதனைக்குப் போகும்போதே செவிலியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் போட்டுக்கொள்ளலாம். அம்மாவின் சிகிச்சை முடியட்டும் என்று இவை இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். அம்மா முதல் வாரம் தெம்பாக இருக்கும்போதே ஒரு காலை நேரத்தை உங்களுக்கும் மகளுக்குமாக ஒதுக்கிவிடுங்கள்.